என் குவாட்காப்டரின் உதறலை அடக்கியவர்களுக்கு நன்றி

எல்லோருக்கும் வணக்கம்.

நானே கட்டிய குவாட்காப்டர் (நான்கு புரொப்பல்லர் கொண்ட ட்ரோன்) இப்போது உயரம் மாறாமல் ஒரே இடத்தில் நிற்கிறது. முன்பு ஆல்ட்டிடியூட் ஹோல்டில் (உயரத்தைத் தானே காத்துக்கொள்ளும் முறையில்) போட்டால் போதும், ஏற்ற இறக்கத்துக்கான திராட்டிலைக் குறைத்தாலும் கேட்காமல் மேலே மேலே ஏறும். சரிசெய்ய உதவியவர்களிடம் தனித்தனியாக நன்றி சொல்லியாயிற்று. ஆனாலும் யார் எதைக் கண்டுபிடித்தார்கள் என்பது மற்றவர்களுக்கும் தெரியட்டும் என்றுதான் இந்த மடல்.

முதல் நன்றி, லாக் (பறக்கும்போது பதிவாகும் தரவு) படித்துச் சொன்ன நண்பனுக்கு. எல்லோரும் காற்றழுத்தத்தை வைத்து உயரம் சொல்லும் பாரோமீட்டரைச் சந்தேகப்பட்டபோது, "எதையும் கழற்றாதே, முதலில் லாக்கைக் கொடு" என்றான். ட்ரோனை ஓட்டும் மென்பொருளான ஆர்டுபைலட்டின் லாக்கில் அதிர்வுக்கென்றே ஒரு பகுதி உண்டு. அதில் அளவு 30 மீ/வி²-க்குள் இருந்தால் பொதுவாகக் கவலையில்லை. 60-ஐத் தாண்டினால் வம்புதான். எங்களுடையது மேல்கீழ் அச்சில் 60-க்கு மேலேயே ஆடிக்கொண்டிருந்தது. கூடவே கிளிப்பிங் எண்ணிக்கையும் ஏறிக்கொண்டே போனது. அதாவது, முடுக்கத்தை அளக்கும் ஆக்ஸலரோமீட்டர் அளக்க முடிந்த எல்லையையும் தாண்டி உதறல். அளவு அங்கேயே வெட்டுப்பட்டுப் போவதால், ட்ரோனின் மூளையான ஃபிளைட் கன்ட்ரோலர், தான் கீழே இறங்குவதாகத் தப்புக்கணக்கு போட்டு மோட்டார்களை இன்னும் முடுக்குகிறது. பேய் பிடித்த மாதிரி அது ஏறியதன் காரணம் இவ்வளவுதான்.

அப்புறம் புரொப்பல்லர் பேலன்சரைக் கடன் கொடுத்த அண்ணன். கொடுத்ததோடு நிற்காமல் பக்கத்தில் உட்கார்ந்து கற்றும் கொடுத்தார். காந்த முனைகளுக்கு நடுவே புரொப்பல்லரைப் படுக்கையாக நிறுத்தினால் கனமான இறக்கை தானாகக் கீழே சாயும். லேசான இறக்கையின் பின்பக்கம் துளியூண்டு செல்லோடேப் ஒட்டி, எப்படித் திருப்பி விட்டாலும் விட்ட இடத்திலேயே நிற்கும்வரை பார்க்க வேண்டும். இறக்கைகள் சமமான பிறகும் நடுக்குமிழ் ஒரு பக்கம் கனமாக இருக்கலாம். புரொப்பல்லரைச் செங்குத்தாக நிறுத்திப் பார்த்தால்தான் அது பிடிபடும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

"இத்தனை சின்ன டேப்பாலா இவ்வளவு வித்தியாசம்?" என்று கேட்டேன். அண்ணன் ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். மையத்திலிருந்து 6 சென்டிமீட்டர் தள்ளி வெறும் 0.1 கிராம் கூடுதலாக இருந்து, நிமிடத்துக்கு 6000 சுற்று சுற்றினால், ஏறக்குறைய 2.4 நியூட்டன் விசை. கிட்டத்தட்ட கால் கிலோ எடை, நொடிக்கு 100 முறை, சட்டத்தைச் சுற்றிச்சுற்றி இழுக்கிறது. வேகம் இரட்டிப்பானால் விசை நான்கு மடங்கு. அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இயற்பியல் ஆசிரியர் ஐயாவுக்கு என் வணக்கம். கன்ட்ரோலருக்கு அடியில் மெத்து மெத்தென்று ஃபோம் வைத்தும் ஏன் பலனில்லை என்று சொன்னவர் அவர்தான். ஃபோம் மேல் உட்கார்ந்த பொருளுக்கென்று ஒரு சொந்த அதிர்வெண் இருக்கிறது, அதாவது தட்டிவிட்டால் அது தானாக நொடிக்கு எத்தனை முறை ஆடும் என்ற கணக்கு. வெளியிலிருந்து வரும் அதிர்வு அதைப்போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல் இருந்தால்தான் ஃபோம் அதைக் குறைக்கும். நெருங்கி வந்தால் கூட்டியே விடும். கன்ட்ரோலரோ மிக லேசானது, அதனால் அதன் சொந்த அதிர்வெண் அதிகம். எடையை நான்கு மடங்காக்கினால் அது பாதியாகும். ஐயா சொன்னபடி, கன்ட்ரோலரை ஒரு பித்தளைத் தகட்டில் ஒட்டி, தகட்டின் நான்கு மூலைகளிலும் ஃபோம் வைத்தோம். இரும்பு வேண்டாம், காம்பஸ் கெட்டுவிடும்.

தம்பிக்கும் சொல்ல வேண்டும். ஜிபிஎஸ் வயர் விறைப்பாக இழுத்துக் கட்டப்பட்டிருப்பதை அவன் கண்தான் பிடித்தது. ஃபோம் தடுக்கிற அதிர்வெல்லாம் அந்த வயர் வழியே உள்ளே போய்க்கொண்டிருந்தது. மெல்லிய வயராக மாற்றித் தொய்வாக விட்டோம். மோட்டாரைத் தாங்கும் சட்டக் கை ஒன்றின் போல்ட் தளர்ந்திருந்ததையும் அவனே முறுக்கினான்.

கடைசியாக, முகம் தெரியாத ஆர்டுபைலட் நிரலாளர்களுக்கு. அவர்கள் எழுதிய ஹார்மானிக் நாட்ச் ஃபில்டர், மோட்டார் வேகம் கூடக் குறைய, அந்தந்த அதிர்வெண்ணைத் தேடிப்போய் சுழற்சியை அளக்கும் ஜைரோவின் அளவீட்டிலிருந்து வெட்டுகிறது. மோட்டார்களின் சூடு தணிந்தது அதனால்தான். ஆனால் அதை எல்லாவற்றுக்கும் பிறகுதான் போட்டோம். ஆக்ஸலரோமீட்டரில் கிளிப் ஆகிப்போன அளவை எந்த ஃபில்டராலும் மீட்க முடியாதே!

இப்போது மேல்கீழ் அச்சின் அதிர்வு 30-க்குக் கீழே நிற்கிறது, கிளிப்பிங் சுழியம். அண்ணா, பேலன்சர் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. மாற்றுக்கு வைத்திருக்கும் புரொப்பல்லர்களையும் சமன் செய்துவிட்டுக் கொண்டுவந்து தருகிறேன்.