பெட்டை நாய்க்குட்டிகளைக் கடற்கரையில் விட்டுப் போகிறவர்களுக்கு

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்புள்ள அயலவர்களுக்கு,

உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. போன வருடம் வைகாசி மாதத்தில் ஒரு நாள் விடியப்புறம், கல்லடிக் கடற்கரைச் சவுக்கு மரங்களின் கீழ் ஓர் உரப்பையை வாய் கட்டி வைத்துவிட்டுப் போனவர் உங்களில் ஒருவர். சந்தைக்குப் பின்புறம் கடதாசிப் பெட்டியில் விட்டவர் இன்னொருவர். பாடசாலை மதிலோரத்திலும் கோயில் வாசலிலும் விட்டவர்கள் வேறு சிலர். பெயர் தெரிந்தாலும் எழுதமாட்டேன். நாம் ஒரே பஸ்ஸில் போகிறோம், ஒரே கடையில் பாண் வாங்குகிறோம். நேரில் சொல்லக் கிடைக்காததை இந்த மடலில் சொல்கிறேன்.

அந்தப் பையில் நான்கு நாய்க்குட்டிகள் இருந்தன. நான்கும் பெட்டை. கண் திறந்து ஒரு கிழமைக்கு மேல் ஆகியிருக்கும். பால் பற்கள் அப்போதுதான் ஊசி முனைபோல் வெளியே தெரிந்தன. கரைவலை இழுக்க வந்த அண்ணன்மார்தான் சத்தம் கேட்டு முடிச்சை அவிழ்த்திருக்கிறார்கள். வேலைக்குப் போகுமுன் நடக்க வந்த நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது, ஒன்று மணலில் முகம் புதைத்துக் கிடந்தது. மற்ற மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் பால் தேடிக்கொண்டிருந்தன. தாய் எங்கோ உங்கள் வளவில், பால் கட்டிய மடியோடு அவற்றைத் தேடிக்கொண்டிருந்திருக்கும். அதை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

முதல் குட்டி அன்று இரவே இறந்தது. இரண்டாவதற்கு ஐந்தாம் நாள் இரத்தத்தோடு வயிற்றோட்டம் தொடங்கியது. பார்வோ வைரஸ் என்றார் மிருக வைத்தியர். தாயின் பாலும் தடுப்பூசியும் கிடைக்காத குட்டிகளை அது இரண்டு மூன்று நாளில் வற்ற வைத்துவிடும். சேலைன் ஏற்றியும் பிழைக்கவில்லை. மூன்றாவதைக் கரைவலைக்கார அண்ணன் ஒருவர் கடற்கரைக் குடிசையான தன் வாடிக்குக் கொண்டுபோனார். நான்காவது இதை எழுதும்போது என் கதிரைக்குக் கீழே படுத்திருக்கிறாள். செம்பட்டை நிறம் என்பதால் செம்பி என்று கூப்பிடுகிறேன்.

நான் யார் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். எனக்கு 26 வயது. பாலத்துக்கு அப்பால் நகரத்தில் ஓர் அலுவலகத்தில் கணக்கு வேலை. போன வருடம் தை மாதம் புது வீட்டுக்குக் குடிபூர்ந்தேன். ஓர் அறை, ஒரு விறாந்தை, ஒரு குசினி. வெளிச்சுவர் இன்னும் பூசி முடியவில்லை. ஆனால் அந்த வளவு பழையது, அம்மம்மாவுடையது. 2004 டிசம்பர் 26 காலையில் கடல் வந்து அவருடைய வீட்டைக் கொண்டுபோனது. எங்கள் கல்லடித் திருச்செந்தூர் முருகன் கோயில் கோபுரம் சாய்ந்தது அதே அலையில்தான். எனக்கு அப்போது ஐந்து வயது. எங்கள் வளவில் கிணறும் இரண்டு தென்னையும் மட்டும் மிஞ்சின. கிணற்றை எத்தனை முறை இறைத்தும் உப்புப் போகவில்லை. இருபது ஆண்டு அந்த மண் வெறுமையாகக் கிடந்தது. அங்கே மீண்டும் ஒரு கூரை எழும்ப வேண்டும் என்பது அம்மம்மாவின் ஆசை. அம்மா சீட்டுப் பிடித்த காசிலும் என் வங்கிக் கடனிலும் எழும்பியது.

அம்மம்மாவிடமிருந்து அம்மாவுக்கு, அம்மாவிடமிருந்து எனக்கு. நம் ஊரில் இது புதிதல்ல. மட்டக்களப்பில் வீடு வளவு பெண் பிள்ளைக்குத்தான். குடி என்கிற குலப்பிரிவு தாய்வழியாக வருகிறது. மணம் முடிக்கிற மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்து இருக்கிறார். மகள் பிறந்தால் அவளுக்கு எங்கே வீடு கட்டுவது என்று அன்றைக்கே யோசிக்கத் தொடங்குகிற ஊர் இது. இந்த ஊரில், பெட்டை என்ற ஒரே காரணத்துக்காக நான்கு உயிர்களைப் பையில் கட்டி வைக்க எப்படிக் கை வந்தது என்பதை என்னால் இன்னும் விளங்கிக்கொள்ள முடியவில்லை.

செம்பியை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, பக்கத்து வளவு மாமி வேலிக்கு மேலால் பார்த்துவிட்டு, “கடுவன் என்றால் பரவாயில்லை, பெட்டையை ஏன் மகள் கொண்டுவந்தாய்?” என்று கேட்டார். தனியாக இருக்கிற பெண்ணுக்கு இதுவும் ஒரு பாரமா என்ற கவலையில் கேட்டார். அந்தக் கேள்விக்கு உண்டான நியாயம் மார்கழியில் எனக்குத் தெரிந்தது.

மார்கழியில் செம்பிக்கு எட்டு மாதம். முதல் பருவம் வந்தது. மழை விடாமல் பெய்துகொண்டிருந்த நாட்கள். கேற்றுக்கு வெளியே ஏழு கடுவன்கள் நனைந்தபடி நின்றன. இரவெல்லாம் சண்டை, ஊளை. கிடுகு வேலியை இரண்டு இடத்தில் பிய்த்து உள்ளே வந்துவிட்டன. நான் பழைய மீன்வலை வாங்கி வேலியைச் சுற்றிக் கட்டினேன். மூன்று கிழமை அவளை அறைக்குள் வைத்திருந்தேன். வேலைக்குப் போகுமுன் பூட்டி, மதிய இடைவேளையில் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி ஓடி வந்து, கயிறு போட்டு முற்றத்தில் இரண்டு நிமிடம் நிறுத்தி, மறுபடியும் பூட்டிவிட்டு ஓடினேன். நிலமெல்லாம் இரத்தத் துளி. ஒழுங்கையில் எல்லோருக்கும் தூக்கம் கெட்டது. மாமியின் பேரப்பிள்ளை பாடசாலைக்குப் போகப் பயந்தான். அயலவர்கள் என்னோடு கோபித்தது சரியே. ஆகவே பெட்டை நாய் வளர்ப்பது தொல்லை என்று நீங்கள் சொன்னால் நான் மறுக்கமாட்டேன். அந்தத் தொல்லையை நான் பட்டிருக்கிறேன்.

ஆனால் அந்தத் தொல்லைக்கு ஒரு முடிவு இருக்கிறது, அது ஒரு நாள் வேலை. பருவம் முடிந்து இரண்டு மாதம் பொறுக்கச் சொன்னார் வைத்தியர். பங்குனித் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை, முதல் நாள் இரவிலிருந்து சாப்பாடு கொடுக்காமல், ஓட்டோவில் ஏற்றிக் கொண்டுபோனேன். காலையில் கருத்தடைச் சத்திரசிகிச்சை. பின்னேரம் கால் தள்ளாட என் தோளில் வீட்டுக்கு வந்தாள். தையலை நக்காமல் இருக்கக் கழுத்துக்கு ஒரு பிளாஸ்டிக் வாளியை அடி வெட்டி மாட்டினேன். பத்தாம் நாள் தையல் பிரித்தார்கள். அவ்வளவுதான். இனி அவள் வாழ்நாளில் கேற்றுக்கு வெளியே கடுவன்கள் கூடப்போவதில்லை. கருப்பையில் சீழ் பிடிக்கிற நோயும் வராது.

கருத்தடை செய்தால் நாய் காவல் காக்காது என்று பலர் சொல்கிறார்கள். செம்பியை வந்து பாருங்கள். இரவில் கேற்றுக் கொளுக்கி அசைந்தால் அவளுக்குத் தெரியும். அம்மா சனி ஞாயிறில் மட்டும்தான் வந்து தங்குகிறார். மற்ற நாட்களில் நான் தனி. முதல் சில மாதங்கள் தென்னோலை விழுகிற சத்தத்துக்கும் எழும்பி உட்கார்ந்திருப்பேன். இப்போது அவள் தலை தூக்காவிட்டால் நானும் தூக்குவதில்லை. கச்சான் காற்று மணலை வாரி அடிக்கிற மத்தியானங்களில் கிணற்றடி ஈரத்தில் குழி தோண்டிப் படுத்திருப்பாள். மாலையில் பாலத்துப் பக்கமிருந்து என் மோட்டார் சைக்கிள் வருவது, ஒழுங்கைக்குத் திரும்புமுன்பே அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. இரவு சோற்றில் முள் எடுத்த மீன் பிசைந்து வைத்துவிட்டு, அவள் காதுக்குள் உண்ணி பார்த்துக்கொண்டே அம்மாவோடு தொலைபேசியில் பேசுவேன். புது வீடு என் வீடாக மாறியது இந்த இரவுகளில்தான்.

காத்தான்குடியிலிருந்து மீன் கொண்டுவருகிற முஸ்லிம் நானா ஒருவர் இருக்கிறார். நாயின் எச்சில் பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும் என்பது அவருடைய மார்க்கம். அவருடைய ஹோர்ன் சத்தம் ஒழுங்கை முனையில் கேட்டதும் செம்பியைப் பின்வளவில் கட்டிவிடுவேன். ஒரு நாளும் தவறியதில்லை. அவரும் மீன் தலைகளைத் தனியாக ஒரு பையில் சுற்றி, “உங்கள் காவல்காரிக்கு” என்று கேற்றில் தொங்கவிட்டுப் போகிறார். நாய் வளர்க்கிறவருக்கு அயலாரிடம் கடமை உண்டு. தன் பெட்டையின் குட்டிகளை ஊர் நடுவே விடுகிறவர் அந்தக் கடமையை ஊர் முழுவதன் தலையிலும் இறக்கி வைக்கிறார்.

ஏனென்றால் அந்தக் குட்டிகள் எல்லாம் சாவதில்லை. பிழைக்கிறவை கட்டாக்காலியாக வளர்கின்றன. ஆறு ஏழு மாதத்துக்கு ஒரு முறை பருவம். ஒன்பது கிழமை சுமை. ஒவ்வொரு முறையும் நான்கு, ஐந்து, சில வேளை எட்டுக் குட்டி. கரைவலை இழுக்கிற இடத்தில் கழிவு மீனுக்காக மடி தொங்கக் காத்து நிற்கிற பெட்டைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவற்றுக்குத் தடுப்பூசி போட யாரும் கூட்டிப் போவதில்லை. இந்த நாட்டில் விசர்நாய்க்கடி நோயை மனிதருக்குக் கொண்டுவருவது பெரும்பாலும் நாய்தான். அறிகுறி தெரிந்த பின் காப்பாற்றுவது ஏறத்தாழ முடியாத காரியம். நூறு நாய்களில் 70 நாய்களுக்காவது தடுப்பூசி போட்டால்தான் நோய் பரவுவது நிற்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊர் எண்ணி முடிப்பதற்குள் புதிய குட்டிகள் தெருவுக்கு வந்துகொண்டிருந்தால் அந்த 70 எப்படி எட்டும்? வாசலில் கிடக்கிற குட்டியை முதலில் தூக்குவது பிள்ளைகள். விளையாட்டில் பல் பட்டாலும் சவர்க்காரம் போட்டு ஓடுகிற நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். அரச வைத்தியசாலையில் ஊசி இலவசம். ஆனால் கடித்த நாயைச் சில நாள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்வார்களே, யாருடையது என்று தெரியாத நாயை எங்கே தேடிப் பார்ப்பது?

பிடித்துக் கொல்வதுதான் வழி என்று சில பெரியவர்கள் இன்னும் சொல்கிறார்கள். 2006ஆம் ஆண்டு வரை அதைத்தான் செய்தோம். கொன்று வெறுமையாக்கிய தெருவில் பக்கத்துத் தெரு நாய்கள் வந்து குடியேறின. உங்கள் பைகள் மிச்சத்தை நிரப்பின.

நான் கேட்பது இவைதான். தாய் நாய்க்குக் கருத்தடை செய்யுங்கள். செலவு சிறியதல்ல என்று எனக்குத் தெரியும். என் சம்பளத்திலும் அது ஒரு துண்டைக் கடித்தது. ஓர் ஒழுங்கையில் பத்து வீடு சேர்ந்தால் ஒரு நாய்க்குக் கட்டலாம். மாதர் சங்கத்திலும் விளையாட்டுக் கழகத்திலும் இதைப் பேசுங்கள். இலவசமாகத் தடுப்பூசி போட வருகிற நாட்களில் கடுவனை மட்டும் கூட்டிப் போகாமல் பெட்டையையும் கூட்டிப் போங்கள். பருவ நாட்களில் அவளை உள்ளே வைத்துக்கொள்ளுங்கள், மூன்று கிழமைதான். ஏற்கனவே குட்டி போட்டுவிட்டதா? எட்டுக் கிழமை தாயோடு விடுங்கள். அதற்குள் கேட்டுத் திரிந்தால் வீடு கிடைக்கும். நான் கேட்டுத் திரிகிறேன், கிடைக்கிறது.

இன்னொன்றையும் சொல்லித்தான் முடிக்க வேண்டும். வாடிக்குப் போன அந்த மூன்றாவது குட்டி, செம்பியின் சகோதரி, வளர்ந்துவிட்டாள். வாடியில் கதவில்லை, பூட்டி வைக்க அறையில்லை. நான் செம்பிக்குச் செய்ததை அவளுக்கும் சேர்த்துச் செய்யக் கையில் பணம் இருக்கவில்லை. அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிவிட்டேன். அதற்கு நானே பொறுப்பு. ஆனி மாதம் அவள் ஆறு குட்டி போட்டாள். இரண்டு கடுவன், நான்கு பெட்டை. கவிழ்த்து வைத்த பழைய வள்ளத்தின் கீழ் நிழலில் கிடக்கிறார்கள். அண்ணன் ஒரு குட்டியையும் எங்கும் விடவில்லை. குட்டிகள் பால் மறந்ததும் தாய்க்குச் சத்திரசிகிச்சை. அதற்குக் காசு சேர்த்துவிட்டேன்.

கடுவன்களை வழக்கம்போல் முதல் கிழமையிலேயே கேட்டுவிட்டார்கள். பெட்டைகளில் ஒன்றை மாமி தன் பேரனுக்காக எடுத்துக்கொள்கிறார். இன்னொன்று நாவற்குடாவுக்குப் போகிறது. மீதி இரண்டுக்கும் ஆவணிக்குள் வீடு வேண்டும். அந்த உரப்பையை வைத்தவர் இதை வாசித்தால், வாருங்கள். நான் ஒரு கேள்வியும் கேட்கமாட்டேன். காலையில் வலை இழுக்கிற நேரம் நானும் செம்பியும் வள்ளத்தடியில் இருப்போம்.

இப்படிக்கு,
உங்கள் அயல்வீட்டுப் பெண்