துல்லியமும் ரத்தமும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் ஜெர்மன் இயந்திரத் தொழில் பற்றிய கட்டுரை படித்தேன். ‘துல்லியம் ஜெர்மானியர்களின் ரத்தத்திலேயே ஊறியது’ என்று ஒரு வரி. அத்தனை பக்கத்தில், இயந்திரங்களின் துல்லியத்துக்கு அளவு எழுதித் தந்த கேயோர்க் ஷ்லேசிங்கர் பெயர் ஓர் இடத்தில்கூட இல்லை. லேத் (கடைசல் இயந்திரம்) இன்ஸ்பெக்‌ஷனிலேயே காலம் தள்ளியவனுக்கு இரண்டும் உறுத்தின.

1874-இல் பெர்லினில் பிறந்தவர். லுட்விக் லோவே இயந்திர ஆலையில் டிசைன் வேலை பார்த்துக்கொண்டே, தண்டும் துளையும் எவ்வளவு இறுக்கமாகப் பொருந்த வேண்டும் என்று ஆராய்ந்து 1904-இல் டாக்டர் பட்டம் வாங்கினார். அதே ஆண்டு சார்லோட்டன்பர்க் தொழில்நுட்பக் கல்லூரி, லேத் போன்ற இயந்திரக் கருவிகளுக்கும் ஆலை நிர்வாகத்துக்கும் புதிதாக ஒரு பேராசிரியர் பதவியை உண்டாக்கி அவரை உட்கார வைத்தது. வயது முப்பது. அப்புறம் ஒரு பட்டறைத் தொழில்நுட்பப் பத்திரிகை, முதல் உலகப் போரில் கை கால் இழந்தவர்களுக்கான செயற்கை உறுப்புச் சோதனை என்று நிறைய.

எங்களுக்கு அவர் 1927-இல் வெளியிட்ட, இயந்திரங்களின் துல்லியத்தைச் சோதிப்பதற்கான புத்தகம்தான் முக்கியம். புது லேத் வந்தால், சுழலும் தண்டான ஸ்பிண்டிலில் டெஸ்ட் மாண்ட்ரலை, அதாவது துல்லியமான ஒரு சோதனைக் கம்பியைச் செருகி, வெட்டும் டூலைத் தாங்கி நீளவாக்கில் நகரும் சேடிலில் டயல் கேஜை (நுண்ணிய ஏற்ற இறக்கம் காட்டும் அளவுமானி) வைத்து ஓட்டுவோம். 300 மி.மீ. நீளத்தில் மாண்ட்ரலின் நுனி 0.02 மி.மீ. வரை மேலே தூக்கியிருக்கலாம். கீழே கேஜில் ஒரு கோடு அளவுகூட இறங்கக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், “கீழேயும் 0.02 விட்டால் என்ன சார்?” என்று கேட்டேன். “சக்கில் இருபது கிலோ ஜாப்பை மாட்டு, எந்தப் பக்கம் தொங்குது பார்” என்றார் சீனியர். (சக் என்பது ஸ்பிண்டில் நுனியில் உள்ள பிடி, ஜாப் என்பது கடைய வேண்டிய பொருள்.) பக்கவாட்டிலும் அப்படித்தான். வெட்டும்போது டூல் ஜாப்பைத் தன்னிடமிருந்து விலக்கித் தள்ளும் என்பதால், சாய்வு டூல் பக்கம் மட்டுமே இருக்கலாம். சும்மா நிற்கும் லேத்தை அளந்தாலும், ஓடும் லேத்தை மனதில் வைத்து எழுதிய அளவுகள் அவை.

ஷ்லேசிங்கர் யூதர். 1933-இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும், உளவு பார்த்தார் என்று பிடித்து மாதக்கணக்கில் சிறையில் போட்டார்கள். குற்றம் எதையும் நிரூபிக்கவில்லை. ஆனாலும் பதவி போனது. 1934-இல் ஓட்டோ கீன்ஸ்லே என்ற பொறியாளர் அந்த இடத்துக்கு வந்தார். துல்லியத்துக்கு அளவு எழுதித் தந்தவரை ரத்தக் கணக்குப் பார்த்துத்தான் துரத்தினார்கள் என்பதை உங்கள் கட்டுரையாளர் யோசித்திருக்கலாம்.

அறுபது வயதில் சூரிச், பிறகு பிரஸ்ஸல்ஸ், கடைசியில் இங்கிலாந்து. அங்கே உற்பத்திப் பொறியாளர் சங்கத்தின் ஆராய்ச்சிப் பிரிவை நடத்தினார். போருக்கு நடுவே, இயந்திரத்தில் கடைந்த பரப்பு எவ்வளவு வழவழப்பாக இருக்க வேண்டும் என்று அளந்துகொண்டிருந்தார். 1949-இல் அங்கேயே காலமானார். பெர்லினில் இப்போது ஒரு தொழிற்பள்ளிக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். கட்டுரையின் அடுத்த பகுதி வருவதாக இருந்தால் அவருக்கும் அரைப் பக்கம் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் ஒருவர்,
பீளமேடு, கோவை.