கதவைச் சாத்திவிட்டுக் கேளுங்கள், டாக்டர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் மருத்துவப் பக்கத்தில் யார் எழுதினாலும் 'டாக்டரிடம் எதையும் மறைக்கக் கூடாது' என்று ஒரு வரி வந்துவிடுகிறது. எழுதுகிறவர்கள் எங்கள் தெரு கிளினிக்கில் ஒரு சாயங்காலம் வந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

நான் நெல்லை டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறவன். வயது 46. கல்யாணம் ஆகவில்லை. ஆண்களைத்தான் பிடிக்கும், தன்பாலீர்ப்பாளர் என்று இப்போது எழுதுகிறீர்களே, அந்த வகை. பெயரைப் போட வேண்டாம். வீட்டில் உங்கள் பத்திரிகைதான் வாங்குகிறோம்.

அப்பா காலத்திலிருந்து எங்களுக்கு ஒரே டாக்டர். நல்ல மனுஷர். ராத்திரி கடையடைத்துவிட்டுப் போனாலும் பார்ப்பார், கையில் காசில்லை என்றால் 'பிறகு தாங்க' என்பார். ஆனால் அவர் அறைக்கு ஸ்பிரிங் போட்ட அரைக்கதவுதான். உள்ளே பேசுவது வெளியே பெஞ்சில் இருப்பவர்களுக்கு அப்படியே கேட்கும். அதற்கு முன்னால் கம்பவுண்டர் அண்ணாச்சி வேறு, டோக்கன் கொடுக்கும்போதே 'என்ன செய்யுது?' என்று சத்தமாகக் கேட்பார். பெஞ்சில் எங்கள் மதினிக்குத் தெரிந்தவர்கள் யாராவது இல்லாத நாளே கிடையாது.

சில வருஷங்களுக்கு முன்னால் எனக்கு மறைவிடத்தில் ஒரு புண் வந்தது. வலி இல்லை. டாக்டர் பார்த்துவிட்டு, 'உனக்குத்தான் கல்யாணமே ஆகலையே, இது சூட்டுப்புண்ணுதான்' என்று களிம்பு எழுதிக் கொடுத்தார். நான் வாய் திறக்கவில்லை. அது தப்பு என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை. சொல்லியிருந்தால் விஷயம் புண்ணோடு நின்றிருக்காது. அன்றைக்கே அண்ணனைக் கூப்பிட்டு, 'தம்பிக்குச் சீக்கிரம் ஒரு பொண்ணைப் பாருங்க' என்றிருப்பார். அதுவும் நல்ல எண்ணத்தில்தான்.

புண் தானாக ஆறிவிட்டது. மேகநோய், அதாவது சிபிலிஸ், ஏமாற்றுவதே அப்படித்தானாம். முதல் புண் வலிக்காது, மருந்து போடாவிட்டாலும் ஆறும், கிருமி மட்டும் உடம்பில் தங்கிவிடும். அப்புறம் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் சிவப்பாகப் புள்ளிகள் வந்தன. பேரேட்டைப் புரட்டும்போதெல்லாம் கண்ணில் படும்.

இந்த முறை ஓர் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். சின்ன வயது டாக்டரம்மா. என் கையைத் திருப்பிப் பார்த்தார், நர்சிடம் கதவைச் சாத்தச் சொன்னார். கல்யாணம் ஆயிட்டா என்று கேட்கவே இல்லை. 'யாரோடயாவது உறவு உண்டா? ஆணா, பொண்ணா, ரெண்டுமா?' என்றார், சுகர் இருக்கா பிரஷர் இருக்கா என்று கேட்கிற அதே குரலில். உள்ளதைச் சொன்னேன். ரத்தப் பரிசோதனை, இடுப்பில் பென்சிலின் ஊசி, 'அவரையும் கூட்டிட்டு வாங்க', அவ்வளவுதான். எச்ஐவி பரிசோதனைக்கு முன்னால் சம்மதமா என்று தனியாகக் கேட்டார். 2017-ல் வந்த எச்ஐவி சட்டப்படி கேட்டே ஆக வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

சட்டம் எவ்வளவோ மாறியிருக்கிறது. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் எங்கள் உறவு குற்றமல்ல என்றது. 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், 'இந்த ஈர்ப்பையே மாற்றிக் காட்டுகிறேன்' என்று வைத்தியம் பார்ப்பவர்கள் மீது நடவடிக்கை எடுக்கச் சொன்னார். இந்த விஷயத்தைப் புரிந்துகொள்ளத் தானே ஓர் உளவியலாளரிடம் போய் உட்கார்ந்ததை வெளிப்படையாகச் சொன்னவர் அவர். அடுத்த வருஷம் தேசிய மருத்துவ ஆணையமும் அந்த வைத்தியம் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. சரி, இதெல்லாம் எங்கள் தெரு டாக்டர் காதுக்கு எட்டியதா என்பது சந்தேகம்தான்.

எனக்குப் பழக்கமான திருநங்கை ஒருவர் பாளையங்கோட்டைப் பக்கம் இருக்கிறார். ஆண்கள் வரிசையா பெண்கள் வரிசையா என்கிற பேச்சுக்குப் பயந்து காய்ச்சலுக்குக்கூட ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க மாட்டார். பெண் ஹார்மோனுக்காக மெடிக்கலில் கருத்தடை மாத்திரை வாங்கித் தானாகவே போட்டுக்கொள்கிறார். பிரஷர் உண்டு, சிகரெட்டும் உண்டு. இவை மூன்றும் சேர்ந்தால் ரத்தம் உறைந்து பக்கவாதம் வரை போகலாம். 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாகப் பிரஷர் மாத்திரை மட்டும் வீட்டுக்கே வந்துவிடுகிறது. வேறு என்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று இதுவரை ஒருவரும் அவரைக் கேட்டதில்லை.

பெரிய ஆஸ்பத்திரிகளில் எச்ஐவி பரிசோதனைக்கும் ஆலோசனைக்கும் என்று நம்பிக்கை மையம் இருக்கிறது, உண்மைதான். அங்கே கதவும் உண்டு, பக்குவமாகப் பேச ஆளும் உண்டு. ஆனால் அந்த போர்டுக்குக் கீழே யாராவது பார்த்துவிடுவார்களோ என்று வராந்தாவோடு திரும்பியவர்களை நான் அறிவேன். சளிக்கும் காய்ச்சலுக்கும் போகிற டாக்டரிடமே இதையும் சொல்ல முடிய வேண்டும். அதற்கு ஒரு முழுக்கதவு போட்டு, கூட வந்தவர்களைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னால் போதும். கம்பவுண்டர் பெயரையும் வயதையும் மட்டும் எழுதிக்கொள்ளட்டும். இந்திய மருத்துவச் சங்கத்தின் நெல்லைக் கிளை தங்கள் கூட்டம் ஒன்றில் இதைப் பேச எடுத்துக்கொள்ளலாம். மூத்த டாக்டர்களை முன்வரிசையில் உட்காரவைத்துவிட்டு, அந்த டாக்டரம்மாவைப் போல ஒருவரைப் பேச விடட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருநெல்வேலி டவுன்.