லென்ஸ் சரிந்தால் என்ன என்றும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கண்புரை ஆபரேஷன் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சில நிமிஷ வேலை, அன்றைக்கே வீடு திரும்பலாம் என்று எழுதியிருந்தீர்கள். பெரும்பாலோருக்கு அப்படித்தான், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் அப்பத்தா மாதிரி ஆட்களுக்கும் ஒரு பத்தி ஒதுக்கியிருக்கலாம்.

எட்டு வருஷத்துக்கு முன் புரை எடுத்து லென்ஸ் வைத்தார்கள், பார்வை நன்றாகத்தான் இருந்தது. போன பொங்கலுக்கு நடுவீட்டுக் கோலம் போட உட்கார்ந்தவர், "கோடெல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுதப்பா" என்றார். சர்க்கரை ஏறியிருக்கும் என்று நாங்கள் பத்து நாள் சும்மா இருந்துவிட்டோம், அது எங்கள் தப்பு. மதுரையில் விழித்திரை டாக்டரிடம் காட்டினால், லென்ஸ் அது இருந்த பையோடு (புரை எடுத்தபின் கண்ணுக்குள் விட்டுவைக்கும் மெல்லிய உறை) சேர்ந்து கீழே சரிந்திருக்கிறது.

நம் வீட்டு ஊஞ்சல் கதைதான். கண்ணுக்குள் அந்தப் பையைச் சுற்றிலும் மெல்லிய இழைகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அடிபட்டாலோ, வயதானவர்களுக்குச் சாம்பல் மாதிரி ஒரு படிவு வந்தாலோ இழைகள் தளர்ந்துவிடும், ஒரு பக்கச் சங்கிலி விட்ட பலகை போல லென்ஸ் சாயும். அப்புறம் வேறு உத்தரத்தில்தான் மாட்ட வேண்டும். அந்த உத்தரம் கண்ணின் வெள்ளைப் பகுதி.

முன்பெல்லாம் நூலால் தைத்துக் கட்டினார்கள், இப்போதும் செய்கிறார்கள், ஆனால் மெல்லிய நூல் பல வருஷம் கழித்து அறுந்துபோவது உண்டு. லென்ஸைக் கண்ணின் முன்னறையில், அதாவது கருவிழியை ஒட்டிய பின்பக்க இடத்தில், வைத்தால் வேலை சுலபம், கருவிழிக்குத்தான் நாளடைவில் சேதம். 2007-இல் சென்னையில் டாக்டர் அமர் அகர்வால், லென்ஸைத் தாங்க இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய கால்கள் இரண்டையும் வெள்ளைப் பகுதிக்குள் செருகி, ஃபைப்ரின் (ரத்தத்தை உறையவைக்கும் புரதம்) பசை போட்டு மூடும் முறையைக் கொண்டுவந்தார். ஜப்பான் டாக்டர் ஷின் யமானே 2017-இல் வெளியிட்ட முறையில் பசையும் இல்லை, தையலும் இல்லை: மிக மெல்லிய ஊசி வழியாகக் கால்களை வெளியே இழுத்து, நுனியைச் சூடுகாட்டி ஆணித்தலை மாதிரி ஆக்கி உள்ளே தள்ளிவிடுகிறார்கள். அப்பத்தாவுக்கு இதைத்தான் செய்தார்கள். இப்போது பேப்பர் படிக்கிறார், இந்தக் கடிதத்தையும் படிப்பார்.

என் ஆதங்கம் வேறு. முதல் ஆபரேஷன் செய்த இடத்தில் கொடுத்த சீட்டில் 'லென்ஸ் பொருத்தப்பட்டது' என்ற ஒரே வரிதான். என்ன லென்ஸ், கால்களும் சேர்ந்து வார்த்த ஒரே துண்டா, கால்களைத் தனியாகப் பொருத்திய மூன்று துண்டா, இழை அப்போதே தளர்வாக இருந்ததா, எதுவும் இல்லை. மூன்று துண்டு லென்ஸாக இருந்தால் சில சமயம் அதையே திரும்ப மாட்டிவிடலாமாம், ஒரே துண்டு லென்ஸ் இந்த முறைக்குச் சரிப்படாது. இந்த விவரத்துக்காக அந்த ஆஸ்பத்திரிக்கு நான்கு முறை போன் போட்டேன், பழைய ஃபைல் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கடைசியில் கண்ணைத் திறந்து பார்த்துத்தான் ஒரே துண்டு என்று தெரிந்தது, எடுத்துவிட்டு வேறு வைத்தார்கள்.

ஆகவே அடுத்த முறை எழுதும்போது, லென்ஸ் டப்பாவில் இருக்கும் ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள் என்று பெரிய எழுத்தில் போடுங்கள். எங்கள் வீட்டில் நகைச்சீட்டோடு சேர்த்து வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், காரைக்குடி