மழைச் செய்தியோடு ஆற்றுச் செய்தியும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மழைக்காலம் வந்தால் எந்தச் சாலையில் வெள்ளம், எங்கே மரம் விழுந்தது என்று உங்கள் நாளிதழ் தவறாமல் செய்தி போடுகிறது. தண்ணீர் வடிந்த மறுநாள் அந்தச் செய்தியும் வடிந்துவிடுகிறது. எங்கள் குடும்பத்தில் தொல்லை ஆரம்பித்ததே அதற்கு அப்புறம்தான்.

2017 நவம்பரில் பினாங்கில் ஏழு பேரைப் பலி வாங்கிய வெள்ளத்தில், சுங்கை பினாங்கு ஆற்றோரம் இருந்த என் தம்பி வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். வடிந்ததும் சிலிப்பர் போட்டுக்கொண்டே சேறு வாரினான். ஆணி கிழித்த காலுக்கு மஞ்சளை அப்பிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தான். பத்து நாள் கழித்துக் காய்ச்சல். கெண்டைக்காலைத் தொட்டாலே கத்தினான், கண் இரண்டும் செக்கச்செவேல். கிளினிக்கில் டிங்கியா என்று பார்த்தார்கள். இல்லை என்றதும் பெனடோல் காய்ச்சல் மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் வேறொரு டாக்டர்தான், "வெள்ளத்தில் இறங்கினீர்களா?" என்று கேட்டார். எலிச் சிறுநீர்க் காய்ச்சல். ஆரம்பத்திலேயே ஆண்டிபயாட்டிக் கொடுத்தால் அடங்கிவிடும். விட்டால் ஈரல், சிறுநீரகம் வரை போகும்.

இந்தக் காய்ச்சலைத் தரும் லெப்தோஸ்பைரா கிருமி காய்ந்தால் செத்துப்போகும். ஈர மண்ணிலும் நன்னீரிலும் வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும். நம் ஊர்ச் சூடு அதற்குத் தோதானது. எலியும் நாயும் மாடும் சிறுநீர் கழித்த இடத்தையெல்லாம் மழை கழுவி லோங்காங் (சாக்கடை) வழியாக ஆற்றில் சேர்க்கிறது. தொற்றியவருக்குக் காய்ச்சல் வர 2 நாளும் ஆகலாம், 30 நாளும் ஆகலாம். அதற்குள் வெள்ளத்தையே மறந்திருப்போம்.

மலத்திலிருந்து ஆற்றில் சேரும் கிருமிகளின் கதை கொஞ்சம் வேறு. பல நாள் வெயிலுக்குப் பிறகு வரும் முதல் பெருமழைதான் அதிக அழுக்கை அடித்து வரும். அடிச்சேற்றில் பதுங்கியிருப்பவையும் வேகத்தில் கிளம்பி மேலே வரும். நீர் கலங்கினால் வெயில் உள்ளே இறங்காது, வெயிலில் சாக வேண்டியவை தப்பித்துக்கொள்ளும். சரி, வறட்சியில் பயமில்லையா என்றால் அதுவும் இல்லை. வரும் கழிவு அதே அளவு, ஆற்றில் தண்ணீர் மட்டும் குறைவு. ரசம் சுண்டச் சுண்ட உப்பு ஏறுகிற மாதிரிதான்.

ஊர் ஆறுதான் மோசம், காட்டு அருவி சுத்தம் என்றும் நினைக்க முடியாது. 2010இல் பகாங் மாநிலத்தின் லுபுக் யூ காட்டுப் பகுதியில் நீரில் மூழ்கிய ஒருவரைத் தேடப் போனவர்களில் எட்டுப் பேர், மெலியோய்டோசிஸ், லெப்தோ (எலிச் சிறுநீர்க் காய்ச்சல்) ஆகிய தொற்றுகளுக்குப் பலியானார்கள். மெலியோய்டோசிஸ் கிருமியும் ஈர மண்ணிலும் நீரிலும் வாழ்வதுதான். அந்த ஆண்டு இறுதியில்தான் லெப்தோ மலேசியாவில் டாக்டர்கள் சுகாதார இலாகாவுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயானது. இங்கே தண்ணீர்மலை நீரோடையில் பிள்ளைகளை இறக்கிவிட்டுப் படம் பிடிக்கும் பெற்றோரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும், சொன்னால் முறைக்கிறார்கள்.

நான் கேட்பது வெள்ளச் செய்திக்குக் கீழே மூன்று வரிதான். காலில் புண்ணோடு இறங்காதீர்கள். சேறு வார ரப்பர் பூட்ஸ் போடுங்கள். ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், டாக்டர் கேட்காவிட்டாலும் தண்ணீரில் நின்றதை நீங்களே சொல்லுங்கள். தீபாவளிக்கு முன்பே ஆரம்பித்தால் நல்லது, இங்கே அக்டோபரிலேயே மழை பிடித்துக்கொள்ளும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஆயர் ஈத்தாம், பினாங்கு