ஈயத்தைச் சொல்லாமல் புக்கெட்டா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாத இதழின் சுற்றுலாப் பகுதியில் தாய்லாந்தின் புக்கெட் தீவைப் பற்றி வெளிவந்த நான்கு பக்கக் கட்டுரையை வாசித்தேன். 2023 நவம்பரில் இந்தியர்களுக்கு விசா விலக்கு அளிக்கப்பட்டதிலிருந்து நம் பக்கத்துக் குடும்பங்கள் பலவும் அங்கே போய்வரும் வேளையில் அது தேவையான கட்டுரைதான். படங்களும் நன்றாக இருந்தன. ஆனால் நான்கு பக்கங்களிலும் தேடிப் பார்த்துவிட்டேன், அந்தத் தீவை வளர்த்த 'ஈயம்', அதாவது வெள்ளீயம், என்ற சொல் ஓரிடத்தில்கூட இல்லை. சிவகாசியைப் பற்றி எழுத வந்தவர் பட்டாசைக் குறிப்பிடாமல் முடித்ததைப் போல இருந்தது. பத்து வயது வரை பினாங்கில் வளர்ந்தவன், புக்கெட்டுக்கு இரண்டு முறை போய்வந்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். சோழர் காலத்தில், 1025 வாக்கில், தமிழர்கள் இத்தீவை 'மணிக்கிராமம்' என்று அழைத்தார்கள் என்றும், அதற்கு 'மணிமலை' என்று பொருள் என்றும் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். இது சுற்றுலாக் கையேடுகளில் பல காலமாகச் சுற்றிவரும் செய்தி. தமிழ் தெரியாதவர்கள் எழுதினால் பொறுத்துக்கொள்ளலாம். தமிழ் இதழில் 'கிராமம்' எப்படி மலையாகும்? மணிக்கிராமம் என்பது வணிகக் குழு ஒன்றின் பெயர். கொல்லத்தில் 849-இல் வழங்கப்பட்ட தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் அஞ்சுவண்ணம் என்ற மற்றொரு வணிகக் குழுவோடு சேர்ந்து வருவதும் இதே மணிக்கிராமம்தான். அந்தக் குழுவின் பெயர் பொறித்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு தாய்லாந்தில் கிடைத்தது உண்மை. ஆனால் கிடைத்த இடம் புக்கெட் தீவு அன்று; பாலத்தைக் கடந்து வடக்கே இரண்டு மணி நேரம் போனால் வரும் பாங் நா மாகாணத்துத் தக்குவா பா. நங்கூர் உடையான் என்பவர் தோண்டிய 'அவனிநாரணம்' என்னும் குளத்தை மணிக்கிராமத்தாரின் காவலில் ஒப்படைத்ததை அக்கல்வெட்டு சொல்கிறது. அவனிநாரணன் என்பது பல்லவன் மூன்றாம் நந்திவர்மனின் பட்டப்பெயர். இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் வரும் 'தலைத்தக்கோலம்' இந்தத் தக்குவா பாவாக இருக்கலாம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. புக்கெட் என்ற பெயருக்கோ, குன்று என்று பொருள்படும் 'புக்கிட்' என்ற மலாய்ச் சொல்லே மூலம் என்பது பொருத்தமாகப் படுகிறது. மலேசியத் தமிழர்களுக்கு அந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை.

பெயரில் உறவு தேடுவதைவிட நம் வீட்டு அடுக்களையில் தேடியிருந்தால் கட்டுரையாளருக்கு நல்ல விடை கிடைத்திருக்கும். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. பித்தளைப் பாத்திரத்துக்குள் பூசுவதும் அதுவே. அதைக் 'கலாய் பூசுவது' என்றும் சொல்கிறோமே, அந்தக் கலாய் வெள்ளீயத்தைக் குறிக்கும் அரபுச் சொல்லின் வழி வந்தது. மலாய்த் தீபகற்பத்தின் மேற்குக் கரையில் இருந்த 'கலா' என்னும் துறைமுகத்தின் பெயரே அந்த அரபுச் சொல்லுக்கு மூலம் என்று கருதுவோர் உண்டு. நம் நாட்டில் வெள்ளீயம் அரிது. வணிகர்களைக் கடல் கடக்க வைத்த சரக்குகளில் அதுவும் ஒன்று. அந்தக் கரையிலேயே ஈயம் நிறைந்த இடங்களுள் ஒன்று புக்கெட் தீவு. பழைய ஐரோப்பிய வரைபடங்களில் 'ஜங்க் சிலோன்' என்ற பெயரில் இருப்பதும் இத்தீவே; இலங்கைக்கும் அந்தப் பெயருக்கும் தொடர்பில்லை, மலாய் மொழியின் 'உஜோங் சாலாங்' திரிந்த வடிவம் என்பார்கள். பதினேழாம் நூற்றாண்டில் டச்சுக்காரர்களும் பிரெஞ்சுக்காரர்களும் இந்தச் சிறு தீவில் கால் ஊன்றப் போட்டியிட்டது கடற்கரையின் அழகுக்காக அல்ல.

1785-இல் பர்மியப் படை முற்றுகையிட்டபோது தீவைக் காத்த சகோதரிகள் சான், மூக் ஆகியோரைப் பற்றிக் கட்டுரை ஒரு வரியில் சொல்லிச் சென்றது. ஆளுநர் இறந்துபோன நிலையில் அவருடைய மனைவி சானும் தங்கை மூக்கும் பெண்களுக்கு ஆண் வேடமிட்டுக் கோட்டைச் சுவரில் நிறுத்தி, படை பெரிது என்று எதிரியை நம்பவைத்தார்கள் என்பது பலரும் அறிந்த கதை. ஒரு மாத முற்றுகைக்குப் பின் மார்ச் 13 அன்று பர்மியர் பின்வாங்கினார்கள். விமான நிலையத்திலிருந்து நகருக்கு வரும் சாலையின் வட்டத்தில் 1966-இல் எழுப்பிய அவர்களுடைய சிலைகளைப் பார்க்காமல் யாரும் ஊருக்குள் நுழைய முடியாது. என் மனத்தில் நிற்பது போருக்குப் பிந்திய நிலைமை. பசியில் கிடந்த தலாங் என்ற தம் தீவுப் பகுதிக்கு அரிசி அனுப்பும்படி சான் மலாய் மொழியில் வணிகர் பிரான்சிஸ் லைட்டுக்குக் கடிதம் எழுதுகிறார். விலையாகத் தருவதற்கு அவரிடம் இருந்தது ஈயம். அந்தக் கடிதங்கள் இன்றும் இலண்டனில் பாதுகாக்கப்படுகின்றன. அதே லைட்தான் 1786-இல் பினாங்கில் ஆங்கிலக் கொடியை ஏற்றியவர்.

கட்டுரையாளர் 'அழகிய வண்ணக் கட்டடங்கள்' என்று முடித்துவிட்ட பழைய நகரமும் ஈயத்தின் பணத்தில் எழுந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹொக்கியன் சீனர்கள் தீவின் கதூ பகுதியில் இருந்த சுரங்கங்களுக்கு ஆயிரக்கணக்கில் வந்தார்கள். அவர்களில் செல்வம் சேர்த்தவர்கள் தலாங் சாலையிலும் திபுக் சாலையிலும் கட்டியவையே அந்தக் கடைவீடுகள். திபுக் என்றாலே ஈயம்தான். தெருவைப் பார்த்த முகப்பு குறுகல், உள்ளே போகப் போக நீளம், நடுவில் வானம் பார்த்த முற்றம், முற்றத்தில் கிணறு. செட்டிநாட்டு வீட்டில் நின்றவருக்கு அந்த முற்றத்து வெளிச்சம் பழகியதாகவே இருக்கும். கடை வாசல்களுக்கு முன்னால் வெயிலும் மழையும் படாமல் தெரு முழுதும் தொடர்ந்து ஓடும் நடைபாதையைப் பினாங்கில் நாங்கள் 'அஞ்சடி' என்போம். ஹொக்கியன் மொழியிலும் அதன் பெயர் ஐந்தடி என்றே பொருள்படும். அந்த அஞ்சடி ஒன்றில் சின்னஞ்சிறு இருப்புச் சட்டிகளை வரிசையாகக் கரி அடுப்பில் ஏற்றி, அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் கலந்து புளித்த மாவை ஊற்றிச் சுழற்றி, ஓரம் சிவந்ததும் சுருட்டித் தந்தார் ஒரு மூதாட்டி. பெயர் கேட்டேன். 'ஆப்போங்' என்றார். நம் ஆப்பத்தின் உறவு என்பதற்கு நான் சாட்சி சொல்லத் தயார். இனிப்புதான் சற்று அதிகம். 2015-இல் யுனெஸ்கோ புக்கெட்டை உணவுக்கலைக்கான படைப்பாக்க நகரமாக அறிவித்தது என்ற செய்தியும் கட்டுரையில் இடம்பெற்றிருக்கலாம்.

சைவ உணவுத் திருவிழாவைப் பற்றிய பத்தியில் 'திகிலூட்டும் சடங்கு' என்ற சொற்கள் எனக்கு உறுத்தலாக இருந்தன. சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில் ஒன்பது நாட்கள் ஊரே வெள்ளை உடுத்திப் புலால் விலக்குகிறது. அருள் வந்தவர்கள் கன்னத்தில் அலகு குத்தி ஊர்வலம் வருகிறார்கள், தீ மிதிக்கிறார்கள், கத்திகளால் ஆன ஏணியில் ஏறுகிறார்கள். இதுவும் சுரங்க ஊரில் பிறந்ததே. 1825-இல் கதூவின் தொழிலாளர்களுக்காகச் சீனாவிலிருந்து வந்த நாடகக் குழுவினர் நோயில் விழுந்து, ஒன்பது பேரரசத் தெய்வங்களுக்கு விரதமிருந்து குணமானார்கள் என்பது வழிவழிக் கதை. பங்குனி உத்திரத்துக்கு அலகு குத்திக் காவடி எடுக்கிறவர்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதில் திகில் என்ன இருக்கிறது?

ஈயத்தின் முடிவையும் சொல்ல வேண்டும். ஈயம் உருக்கிய கசடு பயனற்றதென்று நெடுங்காலம் சாலைக்கும் வீட்டு அடித்தளத்துக்கும் கொட்டப்பட்டது. மின்னணுப் பொருட்களுக்கு வேண்டிய டான்டலம் என்ற விலையுயர்ந்த உலோகம் அதில் இருப்பது தெரிந்ததும், 1970களின் பிற்பகுதியில், மக்கள் சாலையையும் தம் வீட்டுத் தரையையுமே தோண்டினார்கள். டான்டலத்தைப் பிரிக்கும் ஆலையும் எழுந்தது. 1985 அக்டோபரில் உலகச் சந்தையில் ஈயம் சரிந்தது. அடுத்த ஆண்டு ஜூன் 23 அன்று, ஆலைக் கழிவு தீவைக் கெடுத்துவிடும் என்று அஞ்சித் திரண்ட கூட்டம் அந்த ஆலைக்குத் தீ வைத்தது. தீவை நிலத்தோடு இணைத்த சாரசின் பாலம் 1967-லேயே வந்திருந்தாலும், சுரங்கத்தின் இடத்தைச் சுற்றுலா முழுமையாகப் பிடித்தது அதற்குப் பிறகுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பாங் தாவ் கடற்கரையின் பெரிய விடுதி வளாகம் பழைய சுரங்கக் குழிகளின் மேல் நிற்கிறது. அங்கே ஏரி என்று படம் எடுத்துக்கொள்கிறார்களே, அவை மனிதர் தோண்டிய பள்ளங்கள்.

பயணம் போகிறவர்களுக்காக மூன்று சேர்க்கைகள். கதூவில் சுரங்க அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. தலாங் தேசிய அருங்காட்சியகத்தில் தக்குவா பா பகுதிக் காட்டில் கிடைத்த கல் விஷ்ணு நிற்கிறார். மணிக்கிராமத்தைத் தேடுகிறவர்கள் அவரைப் பார்த்து வரலாம். மூன்றாவது, கட்டுரை 'ஆண்டு முழுவதும் கடல் குளிக்கலாம்' என்று எழுதியிருப்பது ஆபத்தானது. மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று நேராக மோதுவது பாதோங், கரோன், கத்தா கடற்கரைகள் இருக்கும் மேற்குக் கரையில்தான். சிவப்புக் கொடி நட்ட இடத்தில் அலை சிறிதாகத் தெரிந்தாலும் அடியில் நீர் உள்ளே இழுக்கும். நான் போன ஜூலையில், கொடிக்குக் கீழேயே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நம்மவர்கள் இருவர் இறங்கியதையும் காவலர் விசிலடித்துக்கொண்டே ஓடியதையும் பார்த்தேன்.

மற்றவற்றை இடமின்மையால் விட்டாலும், மணிமலைப் பெயர்க் காரணத்தையும் இந்தக் கடல் குளியல் வரியையும் அடுத்த இதழில் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகன்,
காரைக்குடி