எவரும் இல்லையா சார்?

மரியாதைக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மாச இதழ்ல பூங்கா, பசுமைன்னு நாலு பக்கம் போட்டிருந்தீங்க. படமெல்லாம் அழகு, காகிதமும் வழவழன்னு இருந்துச்சு, அத முதல்லயே சொல்லிடுறேன், இல்லன்னா இந்தாளு குறை சொல்லத்தான் பேனா எடுப்பான்னு நெனச்சிடுவீங்க (ஏற்கனவே அப்படித்தான் நெனைக்கிறீங்கன்னு எனக்குத் தெரியும்). மூணாவது பக்கம், கீழ, வலது ஓரத்துல ஒரு வரி. "இயற்கைப் பாதுகாப்புக்காகக் குரல் கொடுத்தவர் நம் சமூகத்தில் எவரும் இல்லை என்பது வருந்தத்தக்கது." எழுதினவரு வருந்தினாரோ இல்லையோ, நான் அன்னிக்கு ராத்திரி சரியா தூங்கல.

எவரும் இல்லையாம். அப்போ ராஜதுரை சுபராஜ்னு ஒருத்தர் இருந்தாரே, அவரு யாரு சார்? பேரைக் கேட்டா பக்கத்து புளோக் பிள்ளை மாதிரி இல்ல? உங்களுக்குத் தெரியாம இருக்காது, பத்திரிகை நடத்துறவங்க, 2019 அக்டோபர்ல 56 வயசுல அவரு போனப்ப நம்ம சிங்கப்பூர்ல காடு, பறவைன்னு அலையிற அத்தனை பேரும் கலங்கிப் போனது உங்க ஆபீசுக்கும் எட்டியிருக்கும். லைசென்ஸ் வாங்கின டூரிஸ்ட் கைடு. காட்டுல நடந்து நடந்தே பறவை, பாம்பு, தவளை எல்லாம் தானா கத்துக்கிட்ட மனுஷன். ஒரு தாடி, ஒரு தொப்பி. படத்துல பாத்தா நம்ம ஊர்ல யாரோ ஒரு சித்தர் பைனாகுலர் மாட்டிக்கிட்டு நிக்கிற மாதிரி இருக்கும்.

அதே கட்டுரையில ஒரு படத்துக்குக் கீழ "1993இல் அரசாங்கம் உருவாக்கிய சுங்கை பூலோ"ன்னு போட்டிருக்கீங்க. உருவாக்கிய! சேறு, கண்டல் மரம், கொக்கு எல்லாத்துக்கும் டெண்டர் விட்டு லாரியில கொண்டாந்து எறக்குன மாதிரி. சுங்கை பூலோங்கிற அந்தச் சதுப்பு நிலம் முன்ன கைவிட்ட இறால் குட்டைங்க சார். விவசாயத் தொழில்நுட்பப் பூங்காவுக்குன்னு ஒதுக்கி வச்சிருந்த நிலம். 1986ல பறவை பாக்கப் போனவங்க அங்க உள்ளான் குருவிங்க கூட்டம் கூட்டமா வந்து எறங்குறதப் பாத்துட்டு, எண்ணி, குறிச்சு, அறிக்கை எழுதி அரசாங்கத்துக்கிட்ட கொண்டுபோய்க் குடுத்தாங்க. அதுல ரிச்சர்ட் ஹேல்னு ஒரு பேங்க்காரரு இருந்தாரு, இருபது சொச்ச வயசுல இந்த சுபராஜும் இருந்தாரு. அரசாங்கமும் காது குடுத்துக் கேட்டுச்சு, 87 ஹெக்டர் ஒதுக்குச்சு, 1993 டிசம்பர்ல தொறந்துச்சு, 2002ல சட்டப்படி இயற்கைக் காப்பகம் ஆச்சு, அதுக்கான பாராட்டு அதுக்கு உண்டு, நான் இல்லன்னு சொல்லல. ஆனா யாரும் கேக்காம இருந்திருந்தா அங்க இன்னிக்கு கீரைப் பண்ணைதான்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னு கேப்பீங்க. நான் படிச்ச ஆளு இல்ல, 19 வருஷம் பஸ் ஓட்டினவன், அதுல பாதி கிராஞ்சி, லிம் சூ காங் பக்கம். 925ஆம் நம்பர் பஸ் ஓட்டினப்போ பறவை பாக்கப் போறவங்க விடியக்காலையில ஏறுவாங்க, கழுத்துல பைனாகுலர், தோள்ல மூணுகால் ஸ்டாண்டு, கையில வாழைப்பழம். வயசானவங்க, சின்னப் பசங்க, சீனர், வெள்ளைக்காரர், அப்பப்ப நம்ம ஆளும் ஒண்ணு ரெண்டு. சாயங்காலம் திரும்ப வரும்போது முழங்கால் வரைக்கும் சேறு காஞ்சு போயிருக்கும், உக்காந்து எந்திரிச்சா சீட்டுக்குக் கீழ பொடிப் பொடியா கொட்டிக் கெடக்கும், டிப்போவுல கிளீனர் அக்கா அவங்களத் திட்டாது, என்னைத் திட்டும். நானும் மனசுக்குள்ள, வேல வெட்டி இல்லாதவனுங்கன்னு திட்டியிருக்கேன். அவரும் ஒரு நாள் என் பஸ்ல ஏறி காலங்காத்தால "குட் மார்னிங்" சொல்லியிருக்கலாம், நான் கண்ணாடியப் பாத்துட்டே தலையாட்டியிருக்கலாம். யாருக்குத் தெரியும்.

அவரு செத்தப்புறம்தான் எனக்கு அவரத் தெரியும். அதுவும் என் மக போன்ல இங்கிலீஷ் செய்தி காட்டி, "அப்பா, நீங்க ஓட்டுன ரூட்டுல இருக்கே அந்த இடம், இவங்கதான் காப்பாத்துனாங்களாம்"னு சொன்னப்போ. உங்க இதழ்லயும் வந்திருக்கும், நான் பாக்காம விட்டிருக்கலாம், அப்படியே வச்சுக்கலாம். ஆனா அஞ்சாறு வருஷம் கழிச்சு "எவரும் இல்லை"ன்னு நீங்களே போட்டா, அப்போ வந்தது என்னத்துக்கு?

1992ல லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கத்துக்குப் பக்கத்துல காட்ட வெட்டி கால்ஃப் மைதானம் போடப் போறாங்கன்னு வந்துச்சு, ஞாபகம் இருக்கா? நேச்சர் சொசைட்டின்னு இயற்கை ஆர்வலர் சங்கம் ஒண்ணு இருக்கே, அவங்க சண்ட போடல, கொடி பிடிக்கல, சொந்தமா ஆய்வு பண்ணி என்னென்ன உயிர் இருக்குன்னு எழுதிக் குடுத்தாங்க, 17,000 பேர்கிட்ட கையெழுத்து வாங்கினாங்க. திட்டம் நின்னுச்சு. அந்த வேலையிலயும் சுபராஜ் இருந்தாரு. இன்னிக்கு அங்க காலையில வேட்டி மடிச்சுக் கட்டிட்டு நடக்கிற நம்ம மாமாக்களுக்கு, ஃபிளாஸ்க்ல காப்பி கொண்டாந்து ஊர்க்கதை பேசுற அத்தைங்களுக்கு இது தெரியுமா? ஒரு நாள் பெஞ்சுல உக்காந்திருந்த நாலு பேர்கிட்ட கேட்டேன். ஒருத்தர் "சுபராஜா, செராங்கூன் ரோட்டுல ஜவுளிக்கடை வச்சிருந்தவரா?"ன்னாரு.

எல்லாத்துலயும் ஜெயிக்கலதான். செம்பவாங் பக்கம் செனோக்கோவுல பறவைங்க வர்ற இடத்துக்காக 1994 வாக்குல 25,000 கையெழுத்து போச்சு, இருந்தும் வீடுதான் வந்துச்சு. என் மக செம்பவாங்லதான் பிளாட் வாங்கியிருக்கா, கிரகப் பிரவேசத்துக்கு நான்தான் பால் காய்ச்சினேன், அதனால ரொம்ப வாய் பேச எனக்கு யோக்கியத இல்ல, அதையும் ஒத்துக்கிறேன். வீடு வேணும் சார். யாரு வேணாம்னா. ஆனா எடுக்கிற நிலத்துல என்ன இருந்துச்சுன்னு எடுக்கிறதுக்கு முந்தி ஒருத்தர் எழுதி வைக்கணும்ல, அதத்தான் அவங்க பண்ணாங்க.

ஃபேரர் பார்க்க எடுத்துக்கோங்க. 1933 வரைக்கும் குதிரைப் பந்தயம் நடந்த எடம், 1911ல இந்த ஊர்லயே முதல் விமானம் பறந்ததும் அங்கதான், எங்கப்பா தோள்ல வச்சு எனக்கு ஃபுட்பால் காட்டினதும் அங்கதான். இப்போ அங்க 1,600 வீடு வருது. நீச்சல்குளத்தையும் பாக்சிங் ஜிம்மையும் வச்சுக்கிறோம்னு சொல்லியிருக்காங்க, சந்தோஷம். ஆனா ஞாயித்துக்கிழமை தேக்கா பக்கம் புல்லுல பிளாஸ்டிக் பைய விரிச்சு உக்காந்து ஊருக்கு வீடியோ கால் பேசுற, இங்க வேலைக்கு வந்த தம்பிங்களுக்கு ஒவ்வொரு திறந்தவெளியா கொறஞ்சிட்டே வருதே, அதப் பத்தி உங்க இதழ்ல எப்ப வந்துச்சு? தீபாவளி மலர்ல 14 பக்கம் புடவை விளம்பரம் எண்ணியிருக்கேன். சும்மா சொல்லல, உக்காந்து எண்ணினேன்.

எங்கப்பா மலாயா ரயில்வேயில தண்டவாளத்துல வேல பாத்தவரு. குவீன்ஸ்டவுன் முனீஸ்வரன் கோயில 1932ல சின்னக் கொட்டகையா ஆரம்பிச்சதே ரயில்வே தொழிலாளிங்கதான்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. 2011 ஜூன் 30ல அந்தத் தண்டவாளத்துல கடைசி ரயில் போனப்ப தஞ்சோங் பகார் ஸ்டேஷன்ல கூட்டத்துல நானும் நின்னேன். அந்த 24 கிலோமீட்டர் ரயில் பாதையையும் துண்டு போடாம பசுமைப் பாதையா வச்சிருக்கலாம்னு 2010லயே எழுதிக் குடுத்தது இதே நேச்சர் சொசைட்டிதான். அப்பா ஆணி அடிச்ச எடத்துல இன்னிக்கு நான் சைக்கிள் ஓட்டுறேன். இது எனக்குக் கெடச்ச சொத்து, வேற ஒண்ணும் எழுதி வைக்கல அவரு.

எங்க புளோக்குக்குப் பின்னால ஒரு திடல் இருந்துச்சு. முதல்ல "பந்து விளையாடக் கூடாது"ன்னு பலகை, அப்புறம் வேலி, அப்புறம் ஒண்ணுமே இல்லாம மூணு வருஷம் புல்லு, இப்போ கட்டுமானம். நான் மூணு கடிதம் போட்டேன். மூணுக்கும் ஒரே பதில், "உங்கள் கருத்துக்கு நன்றி", கமா கூட மாறல. நாலாவது கடிதம் உங்களுக்குப் போட்டேன், ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, ரெண்டு பக்கம் எழுதினத நாலு வரியாக்கி, என் பேரையும் தப்பா போட்டு, பக்கத்துல சமையல் குறிப்பு போட்டிருந்தீங்க. ரவா இட்லி. பரவால்ல, வீட்டுல செஞ்சு பாத்தோம், நல்லாத்தான் வந்துச்சு.

வருஷா வருஷம் ஹோட்டல்ல விருது விழா நடத்துறீங்க, பாடுறவங்க, கட கட்டுறவங்க, கூட்டம் சேக்குறவங்க எல்லாருக்கும் சால்வை. போடுங்க, வேணாங்கல. சேத்துல எறங்கி நின்ன ஒருத்தருக்கு மட்டும் சால்வை நீளம் பத்தலையா? போனவருக்கு அது இனிமே எதுக்கு, தெரியும். நம்ம பிள்ளைங்களுக்கு அவரு பேராவது தெரியட்டுமேன்னுதான்.

போன மாசம் பேரன சுங்கை பூலோவுக்குக் கூட்டிட்டுப் போனேன். மரப்பாலத்துல குப்புறப் படுத்துட்டான். கீழ சேத்துல துள்ளுற மீனு ஒண்ணு, கண்ணு ரெண்டும் தலைக்கு மேல முழிச்சிட்டு, நெஞ்சுத் துடுப்ப ஊன்றி ஊன்றி, தன்ன மாதிரியே இன்னொண்ணத் தொரத்துது, முதுகுத் துடுப்ப விசிறி மாதிரி விரிச்சு மெரட்டுது. பய அரை மணி நேரம் எந்திரிக்கல. எங்க ரெண்டு பேர் சட்டையிலயும் சேறு. திரும்ப பஸ்ல வரும்போது டிரைவர் கண்ணாடில எங்களப் பாத்தாரு, அவரு என்ன நெனச்சிருப்பாருன்னு எனக்கு நல்லாவே தெரியும்.

நான் கேக்குறது பெருசில்ல. அடுத்த இதழ்ல "எவரும் இல்லை" தப்புன்னு ரெண்டு வரி திருத்தம், உள் பக்கத்துல போட்டாலும் சரி. அப்புறம் அக்டோபர்ல ஒரு கால் பக்கம், அவரு படத்தோட. மாணவர் பக்கத்துல "சரியான விடையைத் தேர்ந்தெடு"ன்னு போட்டு அதோட முடிச்சிடாதீங்க. பேரு சுபராஜ், சுப்புராஜ் இல்ல, அச்சுக்குப் போறதுக்கு முந்தி ஒருதடவ பாத்துக்கோங்க.

இப்படிக்கு,
பணிவுடன்,
பழைய பஸ் டிரைவர், உட்லண்ட்ஸ்

பி.கு: சந்தா போன மாசமே புதுப்பிச்சுட்டேன். ரசீது இன்னும் வரல.